திருமலை கண்ட குந்தவைப் பிராட்டியார்

சந்தனத்திற்குப் பெயர்பெற்ற சவ்வாது மலைத்தொடரின் வடபால் அமைந்தது அமிர்தி. வேலூரிலிருந்து கணியம்பாடி வழியாகத் தெற்கே சென்றால் அதன் காடும் அருவியும் தோன்றும். அக்காட்டு ஓடை நாகநதியாகிக் கீழே இறங்குகிறது. அதே மலைத்தொடரின் கிழக்குச் சரிவுகளில் பொழியும் மழை கமண்டல நதியாகவும் செய்யாறாகவும் ஓடி, ஆரணி, போளூர், வந்தவாசிப் பகுதிகளை வளப்படுத்திப் பாலாற்றில் கலக்கிறது. தமிழ்ச் சமணர் தொன்றுதொட்டு வாழ்ந்துவரும் ஊர்கள் பல இந்நீர்வழிகளை ஒட்டியே அமைந்துள்ளன. ஏரியும் வயலும் ஜினாலயமும் ஒன்றையொன்று சார்ந்து நின்ற நாடு இது.

இந்நாட்டில், போளூருக்கு வடகிழக்கே, வடமாதிமங்கலத்தை அடுத்துத் தனித்து நிற்கும் குன்று திருமலை. பழங்கல்வெட்டுகள் இதனை வைகைத் திருமலை என்றும், வடமொழியில் அருகனின் மலை என்னும் பொருள்படவும் குறிக்கின்றன. இருபத்திரண்டாம் தீர்த்தங்கரராகிய நேமிநாதர் இங்கே ஏறத்தாழப் 16 அடி உயரத்தில், மலைப்பாறையிலேயே செதுக்கப்பெற்ற திருமேனியாக நிற்கின்றார். சிகாமணி நாதர் என்று அன்பர் போற்றும் இப்பெருமானைத் தரிசிக்கச் செல்லாத தமிழ்ச் சமணக் குடும்பம் அரிது. அடிவாரத்தில் உள்ள ஜினாலயம் ஆயிரம் ஆண்டுகளாக ஒரு பெண்மணியின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவரே குந்தவைப் பிராட்டியார்.

கல்கியின் பொன்னியின் செல்வன் வழியே இவர் பெயர் தமிழகத்தின் வீடுதோறும் அறிமுகமாயிற்று. கதையில் வரும் இளையபிராட்டி, அரசியல் நுட்பம் அறிந்த அரசிளங்குமரி. கல்வெட்டுகள் காட்டும் பிராட்டியாரோ அவரினும் முதிர்ந்தவர், கோயில் எடுத்தவர், எடுத்த கோயில் தமக்குப் பின்னும் நடைபெறுவதற்கு முதல் வைத்தவர். கட்டடத்தை எழுப்புவதோடு அறம் முடிந்துவிடுவதில்லை என்பதை உணர்ந்து நடந்தவர் என்ற வகையில் அவர் வாழ்க்கை இன்றைக்கும் எண்ணத் தக்கது.

பிறந்த குடி

குந்தவையார் சுந்தர சோழர் எனப்படும் இரண்டாம் பராந்தகரின் திருமகளார். தாயார் வானவன் மாதேவியார், திருக்கோவலூர் மலையமான் குடியில் தோன்றியவர். ஆதித்த கரிகாலரும் அருண்மொழிவர்மரும் உடன்பிறந்தோர். அருண்மொழிவர்மரே பின்னாளில் முதலாம் இராசராசராக முடிசூடியவர். குந்தவையார் அவருக்குத் தமக்கையார். கணவர் வல்லவரையர் வந்தியத்தேவர், சோழ அரசில் உயர்நிலை பெற்றிருந்த தலைவர். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் பிராட்டியாரை வந்தியத்தேவரின் தேவியார் என்றே குறிக்கின்றன.

அரச குடியிற் பிறந்தும் அவருடைய வாழ்க்கை துயரம் அற்றதாக இருக்கவில்லை. தமையனார் ஆதித்த கரிகாலர் சூழ்ச்சியால் கொலையுண்டார். அக்கொலையில் தொடர்புடையோரின் உடைமைகளைப் பறிமுதல் செய்து விற்ற செய்தியைக் காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடிக் கல்வெட்டு இன்றும் தெரிவிக்கிறது. தந்தையார் காஞ்சியில் பொன்மாளிகையில் உயிர் நீத்தமையால் பொன்மாளிகைத் துஞ்சின தேவர் என்று பெயர் பெற்றார். தாயார் கணவருடன் தீப்புகுந்தார். இளங்குழந்தையைப் பிரிந்து அவர் சென்ற செய்தியைத் திருக்கோவலூர்க் கல்வெட்டு உருக்கமாகப் பதிவு செய்துள்ளது. அதன் பின்னர் உத்தம சோழர் ஆட்சி நடைபெற்றது. அருண்மொழிவர்மர் அரியணை ஏறியது கி.பி. 985இல்.

தமக்கையார்மீது இராசராசர் கொண்டிருந்த மதிப்பு அளவிறந்தது. தம் மகளுக்கு அவர் பெயரையே சூட்டினார். அம்மகளே கீழைச் சாளுக்கிய மன்னன் விமலாதித்தனுக்கு மணம் முடிக்கப்பெற்ற குந்தவை. தஞ்சைப் பெரிய கோயிலில் தாம் கொடுத்தவற்றையும் தம் தமக்கையார் கொடுத்தவற்றையும் ஒருசேரக் கல்லில் வெட்டுமாறு அம்மன்னர் ஆணையிட்டார். தேவிமார், அதிகாரிகள் ஆகிய பிறர் கொடைகளின் பெயர் அதன் பின்னரே வருகிறது.

பழமையைப் பேணும் வழக்கம்

சோழர் குடியில் கோயில் கட்டுவது புதிய செயல் அன்று. பழைய கோயிலைப் பழுது நீக்கி உரம் பெறச் செய்வதும் அக்குடிக்குப் பழகிய அறமே. இத்துறையில் குந்தவையாருக்கு முன்னோடியாக விளங்கியவர் செம்பியன் மாதேவியார். இவர் கண்டராதித்த சோழரின் தேவியார்; குந்தவையாரின் பாட்டனார் அரிஞ்சயருக்கு அண்ணியார். இளமையில் கணவரை இழந்த இவ்வம்மையார், செங்கற்றளிகளாக நின்ற பழங்கோயில்கள் பலவற்றைக் கற்றளிகளாக மாற்றிக் கட்டுவித்தார். கோனேரிராசபுரம் என வழங்கும் திருநல்லம் அவற்றுள் ஒன்று. இராசராசர் ஆட்சியிலும் அவர் பல ஆண்டுகள் வாழ்ந்தார். ஆகவே மூத்த அம்மையாரின் திருப்பணிகளைக் குந்தவையார் தம் வாழ்நாளிலேயே கண்டவர்.

அக்காலத்தார் பழங்கட்டடத்தைப் புதுப்பிக்கும்போது கைக்கொண்ட முறை ஒன்று கருதத் தக்கது. திருமழபாடிக் கோயிலின் விமானத்தைப் பிரித்துப் புதிதாக எடுக்குமாறு இராசராசர் தம் 28ஆம் ஆட்சியாண்டில் ஆணையிட்டார். சுவரைப் பிரிப்பதற்கு முன் அதிலிருந்த கல்வெட்டுகள் அனைத்தும் ஏட்டில் படியெடுக்கப்பட்டன. பணி முடிந்தபின், இராசேந்திரர் ஆட்சியின் 14ஆம் ஆண்டில், அவை புதிய சுவரில் மீண்டும் வெட்டப்பட்டன. இடைப்பட்ட காலம் ஏறத்தாழப் பதின்மூன்று ஆண்டுகள். அரசர் மாறியும் ஏடு பாதுகாக்கப்பட்டது. முன்னோர் செய்த கொடை எதுவும் மறைந்துபோகவில்லை. கட்டடம் புதிதாகலாம், அதன் வரலாறு அழியலாகாது என்ற தெளிவு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே தமிழகத்தில் இருந்தது என்பதற்கு இது சான்று.

தஞ்சையில் வைத்த முதல்

தஞ்சையில் இராசராசர் எடுத்த பெருங்கோயிலின் விமானத்திற்கு அவரது 25ஆம் ஆட்சியாண்டில், கி.பி. 1010இல், செப்புக் கலசம் ஏற்றப்பட்டது. அக்கோயிலுக்குக் குந்தவையார் உமாபரமேசுவரி திருமேனிகளை எழுந்தருளுவித்தார். பொன்னாலும் முத்தாலும் அணிகலன்கள் பல வழங்கினார். தந்தையாருக்கும் தாயாருக்கும் படிமங்கள் செய்துவைத்தார். தமையனையும் பெற்றோரையும் இழந்த மகள், தம்பி எடுத்த கோயிலில் பெற்றோரை மீண்டும் நிலைநிறுத்திக்கொண்டார் எனலாம்.

இக்கொடைகளில் பொன்னின் எடையைக் காட்டிலும் கவனிக்கத் தக்கது அவற்றைத் தொடர்ந்து நடத்த அவர் செய்த ஏற்பாடு. ஒவ்வொரு திருமேனிக்கும் நாள்தோறும் அமுது, விளக்கு, திருவிழாச் செலவு எவ்வளவு என்று கணக்கிட்டு, அதற்கு வேண்டிய காசினை ஊர்ச் சபைகளிடம் முதலாகக் கொடுத்தார். சபையார் காசு ஒன்றுக்கு ஆண்டுதோறும் அரைக்கால் காசு வட்டி செலுத்த வேண்டும். எட்டில் ஒரு பங்கு என்பது நூற்றுக்குப் பன்னிரண்டரை. 40 காசு முதல் வைத்தால் ஆண்டுக்கு 5 காசு வரும். முதலைத் தொடாமல் வட்டியைக் கொண்டே செலவு நடைபெற வேண்டும். எந்த ஊர் எவ்வளவு பெற்றது என்ற விவரம் எல்லாரும் காணும் இடத்தில் கல்லில் வெட்டப்பட்டது. மறைத்தற்கோ மறத்தற்கோ இடமில்லை.

விளக்கு எரிப்பதற்கும் இதே கருத்தில் இன்னொரு முறை நிலவியது. நந்தா விளக்கு ஒன்றுக்குத் தொண்ணூறு அல்லது தொண்ணூற்றாறு ஆடுகளை இடையரிடம் ஒப்படைப்பர். இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளப்பர். ஆடுகள் இறந்தாலும் ஈன்றவற்றால் மந்தை குறையாது என்பதனால் அவற்றைச் சாவா மூவாப் பேராடு என்றனர். பொருள் கரையாமல் பயன் மட்டும் தொடர வேண்டும் என்ற எண்ணமே இரண்டிற்கும் அடிப்படை.

தந்தையார் பெயரால் தஞ்சையில் அமைந்த ஆதுலர் சாலைக்கும் பிராட்டியார் நிலம் அளித்தார். நோயுற்றோருக்கு மருத்துவம் செய்யும் அச்சாலையில் மருத்துவர் தலைமுறை தலைமுறையாகத் தங்கிப் பணிபுரிவதற்கு அந்நிலம் ஆதாரமாயிற்று. கோயிலாயினும் மருத்துவச் சாலையாயினும் அதனை நடத்தும் மனிதருக்கு வாழ்வு உறுதிப்பட்டாலன்றி அது நிலைக்காது என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார்.

இராசராசபுரத்து மூன்று கோயில்கள்

திண்டிவனத்தை அடுத்த தாதாபுரம் அக்காலத்தில் இராசராசபுரம் எனப்பட்டது. அங்கே குந்தவையார் மூன்று கோயில்களை எடுத்தார். சிவபெருமானுக்கு இரவிகுலமாணிக்க ஈசுவரம். திருமாலுக்குக் குந்தவை விண்ணகரம். அருகக் கடவுளுக்குக் குந்தவை ஜினாலயம். இராசராசரின் 21ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, அதாவது கி.பி. 1006ஐ ஒட்டியது, இம்மூன்றையும் அவர் எடுத்ததாகக் கூறி, பொன், வெள்ளி, முத்து ஆகியவற்றாலான அணிகளையும் கலங்களையும் அவர் வழங்கியதைப் பதிவு செய்கிறது.

சைவ மரபில் வளர்ந்த அரசியார் அவர். தம் குலதெய்வத்திற்குக் கோயில் எடுத்தவர் அதே ஊரில் அதே காலத்தில் ஜினாலயமும் எடுத்தார். அதற்குத் தம் பெயரையே சூட்டினார். அதே 21ஆம் ஆட்சியாண்டில் நாகப்பட்டினத்துப் பௌத்த விகாரத்திற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரை இராசராசர் அளித்தார். உடன்பிறந்த இருவரும் பிற சமயங்களைப் பொறுத்துக்கொண்டதோடு நில்லாமல் பொருளீந்து புரந்தனர் என்பதற்கு இவை சாட்சி.

தாதாபுரத்துச் சிவன் கோயில் இன்றும் உள்ளது. திருமால் கோயிலும் உள்ளது. குந்தவை ஜினாலயம் மட்டும் இல்லை. கல்வெட்டிலே பெயர் இருக்கிறது. நிலத்தின்மீது கட்டடம் இல்லை. பேரரசின் செல்வத்தால், பேரரசியின் பெயரால் எழுந்த ஆலயமும் பேணுவோர் இல்லையெனில் மறையும் என்பதற்குத் தமிழ்ச் சமணர் நினைவிற்கொள்ள வேண்டிய சான்று இது.

திருமலையின் ஜினாலயம்

தாதாபுரத்தில் மறைந்த பெயர் திருமலையில் நிலைத்து நிற்கிறது. சோழர் குடியில் குந்தவை என்னும் பெயருடையார் ஒருவர்க்கு மேற்பட்டோர் உளர். எனினும் ஜினாலயம் எடுத்தமைக்கு நேர்ச்சான்று இராசராசரின் தமக்கையாருக்கே இருத்தலால், திருமலையின் குந்தவை ஜினாலயமும் அவர் எடுத்ததே என்று ஆய்வாளர் பெரும்பாலும் கொள்வர்.

அன்று இவ்விடம் செயங்கொண்ட சோழ மண்டலத்துப் பங்கள நாட்டில் முகை நாட்டைச் சேர்ந்த வைகாவூரில் இருந்தது. வைகாவூர் பள்ளிச்சந்தமாக விளங்கியது. பள்ளிச்சந்தம் என்பது சமணப் பள்ளிகளுக்கு உரிமையாக்கப்பட்ட நிலம். அதன் வருவாய் பள்ளிக்கு உரியது. ஆகவே இங்கே கட்டடம், நிலம், நீர் மூன்றும் ஒருங்கே நின்றன.

நீரைப் பற்றிய சான்றும் இம்மலையிலேயே உள்ளது. இராசராசரின் 21ஆம் ஆட்சியாண்டில் குணவீர முனிவர் என்பார் இங்கே ஒரு கலிங்கு கட்டினார். ஏரி நிரம்பியபின் மிகுநீர் கரையை உடைக்காமல் வெளியேறுவதற்கான அமைப்பே கலிங்கு. ஆசிரியராகிய கணிசேகர மருபொற்சூரியன் பெயரை அதற்கு அவர் சூட்டினார். துறவி ஒருவர் ஏரிக்குக் கலிங்கு கட்டுவித்தது வியப்பாகத் தோன்றலாம். ஏரி காக்கப்பட்டால் வயல் விளையும். வயல் விளைந்தால் பள்ளிச்சந்த வருவாய் வரும். வருவாய் வந்தால் விளக்கு எரியும், பழுதும் பார்க்கப்படும். பிராட்டியார் தாதாபுரத்தில் கொடை அளித்த அதே ஆண்டு இது. அரசியார் ஓரிடத்தில் பொன் கொடுத்தார். முனிவர் ஓரிடத்தில் ஏரி காத்தார். இரண்டும் அருகன் பணியே.

பின்னும் ஒரு பெண்மணியின் கொடை இங்கே புகழ்பெற்றது. பெரும்பாணப்பாடியைச் சேர்ந்த மல்லியூர் வணிகர் நன்னப்பையன் என்பவரின் மனைவியார் சாமுண்டப்பை. குந்தவை ஜினாலயத்தில் நந்தா விளக்கு எரிக்க 20 காசும், திருவமுதுக்கு 10 காசும் அவர் அளித்தார். அதனை மலைமேல் ஒரு பாறையில் வெட்டியவர்கள், அக்கால வழக்கப்படி அரசரின் மெய்க்கீர்த்தியை முதலில் பொறித்தனர். அது முதலாம் இராசேந்திரரின் 13ஆம் ஆட்சியாண்டு. கங்கை வரை சென்ற சோழப் படை வென்ற நாடுகளையும், வங்கத்தில் மகிபாலன் உள்ளிட்ட மன்னர் தோற்றதையும் அம்மெய்க்கீர்த்தி வரிசைப்படுத்துகிறது. இந்திய வரலாறு எழுதுவோர் எல்லாரும் எடுத்துக்காட்டும் திருமலைக் கல்வெட்டு இதுவே. பேரரசரின் கங்கை வெற்றிக்கு உலகம் அறிந்த சான்றுகளுள் ஒன்று, ஓர் ஊர் வணிகர் மனைவி 30 காசு கொடுத்து ஏற்றிய ஜினாலய விளக்கின் கணக்கிலிருந்து கிடைத்தது. அப்பாறையை எவரேனும் உடைத்து ஜல்லியாக்கியிருப்பின் சமணர்க்கு மட்டுமன்றி நாட்டுக்கே இழப்பு நேர்ந்திருக்கும்.

பிராட்டியாரின் இறுதிக்காலம்

தம்பி இராசராசர் மறைந்தபின்னும் குந்தவையார் வாழ்ந்திருந்தார். இராசேந்திரர் ஆட்சியின் தொடக்க ஆண்டுகளில் பழையாறை அரண்மனையில் தங்கி அறக்கொடைகள் செய்துவந்தார். பாட்டனார் தலைமுறையின் செம்பியன் மாதேவியாரைக் கண்டவர், தந்தையார், உத்தம சோழர், தம்பி, தம்பி மகன் என நால்வர் ஆட்சியையும் கண்டார். சோழ அரசு சிறு நிலப்பரப்பிலிருந்து பேரரசாக ஓங்கியதைத் தம் ஒரு வாழ்நாளில் பார்த்தவர் அவர். அப்பேரரசு பிற்காலத்தில் மறைந்தது. பழையாறை மாளிகைகள் மண்ணோடு மண்ணாயின. அவர் வாழ்ந்த அரண்மனை இல்லை. அவர் பெயரால் அருகனுக்கு எடுத்த ஆலயம் உள்ளது.

பேணியவர் மரபு

திருமலை இன்றளவும் நிலைத்தமைக்குப் பிராட்டியாரின் பொருள் மட்டுமே காரணமன்று. அவருக்குப் பின் ஒவ்வொரு நூற்றாண்டிலும் எவரேனும் ஒருவர் இம்மலையைத் தம் பொறுப்பாகக் கருதினர்.

பல்லவ அரசரின் தேவியாகிய சின்னவை என்பார் ஒரு விளக்குக் கொடுத்தார். திருமலையைச் சேர்ந்த பரவாதிமல்லரின் மாணாக்கராகிய கடைக்கோட்டூர் அரிட்டநேமி ஆசாரியர் யட்சித் திருமேனி ஒன்றைச் செய்வித்தார். 14ஆம் நூற்றாண்டில், இராசநாராயணச் சம்புவராயர் ஆட்சியில், பொன்னூர் மண்ணை பொன்னாண்டை மகள் நல்லாத்தாள் அருகன் திருமேனியை இங்கே எழுந்தருளுவித்தார். குகையை ஒட்டிய செங்கல் மாடங்களில் விசயநகரக் காலத்து ஓவியர் சமவசரணக் காட்சியைத் தீட்டினர்.

இவர்கள் எல்லாருள்ளும் தனித்து நினைக்கத் தக்கவர் விடுகாதழகிய பெருமாள். இவர் இராசராச அதிகன் என்பாரின் மகன். தருமபுரி எனப்படும் தகடூரில் இருந்து ஆண்ட அதிகமான் குடியினர். 12ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி வாழ்ந்தவர். தம் முன்னோனாகிய சேர மரபினன் எழினி என்பவன் முற்காலத்தில் செய்துவைத்த யட்சன், யட்சி திருமேனிகள் பழுதுற்றிருக்கக் கண்டார். அவற்றைப் புறந்தள்ளிப் புதியன செய்து தம் பெயரைப் பொறிப்பது அவருக்கு எளிது. அவர் அவ்வாறு செய்யவில்லை. பழைய திருமேனிகளையே பழுது நீக்கித் திருமலையில் மீண்டும் எழுந்தருளுவித்தார். கோயிலுக்கு மணி ஒன்று அளித்தார். ஏரிக்கு நீர் வருவதற்குக் கால்வாயும் வெட்டுவித்தார். இச்செய்தியை வடமொழியிலும் தமிழிலும் கல்லில் வெட்டியபோது, முதலில் செய்தவன் எழினி என்பதை மறவாமல் குறித்தார்.

தமிழ்நாட்டில் பழமையைப் பேணும் பணிக்கு இதனினும் தெளிவான இலக்கணம் காண்பது அரிது. பழையது மாற்றப்படவில்லை, பழுது மட்டும் நீக்கப்பட்டது. முதலில் செய்தவர் பெயர் மறைக்கப்படவில்லை. அழகுக்கு முன் நீர்வரத்து கவனிக்கப்பட்டது. குணவீர முனிவர் கட்டிய கலிங்கிற்கும் விடுகாதழகிய பெருமாள் வெட்டிய கால்வாய்க்கும் இடையே ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள். ஆயினும் இருவர் எண்ணமும் ஒன்றே.

ஆங்கிலேயர் காலத்தில் சென்னை அரசின் கல்வெட்டாய்வாளராகப் பணியாற்றிய செருமானிய அறிஞர் ஹுல்ட்சு, திருமலைக் கல்வெட்டுகளைப் படித்து, 1890இல் வெளிவந்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியில் பதிப்பித்தார். அதன்பின்னரே சாமுண்டப்பை, நல்லாத்தாள், குணவீரர், விடுகாதழகியார் ஆகியோர் பெயர்கள் படிப்போர் நாவில் மீண்டும் வந்தன. எழுத்து கல்லில் தேயாமல் இருந்தமையால்தான் அது கூடிற்று. இன்று திருமலை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. பாதுகாக்கப்பட்ட சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதிய கட்டடம் எழுப்புதலைச் சட்டம் தடுக்கிறது; அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றே கட்டலாம்.

இன்றைய கடமை

சட்டத்தின் காவல் எல்லா ஜினாலயங்களுக்கும் இல்லை. ஆரணி, வந்தவாசி, செஞ்சி, திண்டிவனம், காஞ்சிபுரம் வட்டாரங்களில் உள்ள சிற்றூர் ஜினாலயங்கள் பலவும் அவ்வவ்வூர்க் குடும்பங்களின் கையிலேயே உள்ளன. பிள்ளைகள் படிப்புக்கும் வேலைக்கும் நகரம் சென்றுவிட, ஓரிரு முதியோரும் பூசை செய்பவரும் கதவு திறந்து விளக்கேற்றும் ஊர்கள் உண்டு. வெளியூரில் வாழ்வோர் ஆண்டுக்கு ஒருமுறை வந்து பெருந்தொகை கொடுத்துத் திருப்பணி செய்விப்பதும் உண்டு. அன்பினால் நிகழும் அப்பணியே சில வேளைகளில் பழமைக்குத் தீங்காகிறது.

கருங்கல் சுவரில் உயர் அழுத்தத்தில் மணலைப் பீய்ச்சி அழுக்கு நீக்கினால் அழுக்கோடு எழுத்தும் போகும். கல்வெட்டின்மீது பளபளப்பு ஓடு பதித்தால் வரலாறு சுவருக்குள் புதையும். சுண்ணாம்புக் காரையால் ஆன பழஞ்சுவருக்குச் சிமெண்டு பூசினால் உள்ளே தங்கிய ஈரம் வெளியேற வழியின்றிச் செங்கல்லை அரிக்கும். சுண்ணாம்பை நீற்றி, மணல் கலந்து அரைத்து, கடுக்காய்ச் சாறும் வெல்லமும் சேர்த்த காரையே அத்தகைய சுவருக்கு உறவு. பழைய ஓவியத்தின்மீது புது வண்ணம் தீட்டுவது மூலத்தை மறைப்பதாகும். தஞ்சைப் பெரிய கோயிலில் நாயக்கர் கால ஓவியத்தின் அடியில் சோழர் ஓவியம் மறைந்திருந்தது 1931இல்தான் வெளிப்பட்டது. அங்கே அடிப்படலம் தப்பிப் பிழைத்தது. எங்கும் அவ்வாறு தப்பும் என்று நம்புதற்கில்லை.

பெரும்பணி பத்தாண்டுக்கு ஒருமுறை வரலாம்; சிறுபணி நாள்தோறும் வேண்டும். விமானத்தில் முளைத்த ஆலங்கன்றை இரண்டு இலை விடும்போதே களைந்தால் செலவில்லை. வேர் கல்லிடுக்கில் இறங்கிய பின்னர் விமானத்தையே பிரிக்க நேரும். மழைக்கு முன் தளத்து நீர்த்தாரையில் அடைத்த சருகை அகற்றினால் மேல்தளம் ஒழுகாது. திருப்பணிக்கு முன் கல்வெட்டுகளையும் சிற்பங்களையும் ஒளிப்படம் எடுத்து, படியெடுத்து வைப்பது திருமழபாடியில் சோழர் செய்ததைத் தொடர்வதே. கற்றறிந்த தொல்லியல் அறிஞரைக் கலந்துகொண்டு பணி தொடங்குதல் வீண்செலவையும் குறைக்கும்.

பொருள் திரட்டுவதிலும் பிராட்டியார் காட்டிய நெறி உண்டு. குடமுழுக்கு நாளன்று முழுத்தொகையையும் செலவிட்டு முடிப்பதற்கு மாறாக, அதில் ஒரு பகுதியை முதலாக வைத்து, வருவாயைக் கொண்டு ஆண்டுதோறும் பழுது பார்க்கவும் பூசை செய்பவருக்கு ஊதியம் அளிக்கவும் வகை செய்யலாம். கணக்கினை எல்லாரும் காண வெளியிடலாம். அன்று கல்லில் வெட்டியதை இன்று பலகையில் எழுதினாலும் போதும்.

பேரரசியின் கொடை இல்லையே என்று எந்த ஊரும் கலங்க வேண்டியதில்லை. தாதாபுரத்தில் பிராட்டியார் பொன்னும் முத்தும் கொடுத்த ஜினாலயம் இன்று இல்லை. திருமலையில் ஒரு முனிவர் கலிங்கு கட்டினார், ஒரு வணிகர் மனைவி முப்பது காசு கொடுத்தார், பொன்னூர் மகள் ஒருத்தி திருமேனி எழுந்தருளுவித்தார், தகடூர்த் தலைவர் பழுது நீக்கினார். குந்தவைப் பிராட்டியாரின் பெயர் அங்கே நிலைத்திருப்பது இவர்களாலேயே. அவ்வரிசையில் அடுத்து நிற்க வேண்டியவர்கள் இன்று அவ்வாலயங்களில் தம் குழந்தைகளை அழைத்து வந்து வணங்கும் தமிழ்ச் சமணக் குடும்பத்தினர்.